தடுப்புக் கண்ணாடி

அக்டோபர் 8, ஞாயிறு

தினமும் எழுதி வை, வந்து படிக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் டைரிக்கும் என்ன சம்பந்தம்? மளிகைக் கடைக்குக்கூட நான் எழுதிக்கொண்டு போகிறவள் இல்லை.

மீன் இன்று வந்து சேர்ந்தது. ஜமீல் பாய் கொண்டுவந்தார். மலேசியாவில், ஜோகூரில் இவர் வேலை செய்கிற அதே மீன் பண்ணையில்தான் அவருக்கும் வேலை. லீவில் ஆம்பூர் போகிற வழியில் கொளத்தூர் வந்து, பெரிய காபி பிளாஸ்க் ஒன்றை வாசலிலேயே நீட்டினார். திறந்தால் உள்ளே ஆக்சிஜன் பிடித்துக் கட்டிய பாலிதீன் பை. பன்னிரண்டு மீனில் ஒன்று வழியிலேயே போய்விட்டது.

"உக்காருங்க பாய், காபி போடறேன்."

"இல்ல அண்ணி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அவரு எப்டி இருக்காரு? எளச்சிட்டாரா?"

"நல்லாத்தான் இருக்கான் அண்ணி." செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆம்பூருக்கு நினைத்த நேரத்துக்கு பஸ் இருக்கிறது. பாவம், விமானத்தில் வந்த களைப்பு.

எங்கள் வீட்டில் மீன் புதிது இல்லை. அப்பா கப்பி வளர்த்தார், நானும் கப்பி வளர்க்கிறேன். பின்பக்கம் சிமெண்ட் தொட்டிகள் முழுக்க அப்பா காலத்துக் கப்பியின் பேரன் பேத்திகள். ஆனால் இது வேறு. விரல் கணு அளவுதான் இருக்கிறது. பகலில் பழுத்த மிளகாய் நிறம். அவர் கொடுத்தனுப்பிய நீல விளக்கைப் போட்டால் அடுப்புக் கங்கு மாதிரி உள்ளேயிருந்து எரிகிறது.

"இந்த மீனு உங்கிட்ட இருக்கற வரைக்கும் நம்ம பண்ணை இருக்கு அம்சா. குஞ்சு எடுத்து வை. பொங்கலுக்கு வந்துடறேன்" என்று போனில் சொன்னார். செங்குன்றம் பக்கம் இடம் பார்த்துப் பண்ணை வைப்பது என்பது அவர் கிளம்பும்போதே பேசியது. கிளம்பி இரண்டு வருடம் ஆகிறது. ஆகவே மீன்களே, நீங்கள் குஞ்சு பொரித்தால் என் வீட்டுக்காரர் வீடு வந்து சேருவார். கொஞ்சம் மனசு வையுங்கள்.

அக்டோபர் 9, திங்கள்

பதினொன்றும் சாப்பிட்டன. நானும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

வீடியோவில் கூப்பிட்டார். காலையிலேயே சொல்லிவிட்டதால் அவருக்குப் பிடித்த அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டேன். தலைக்கு ஊற்றிப் பூ வைத்து, நீல வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சினிமாக்காரர்கள் தோற்றார்கள்.

"கொஞ்சம் தள்ளு அம்சா, மீனு தெரியல" என்றார்.

தள்ளினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாலைப் பார்த்தார், செவுளைப் பார்த்தார். நல்லா வெச்சிருக்கே என்றார். அது எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

அவருக்குப் பின்னால் மேஜையில் மஞ்சள் நிறத்தில் ஒரு குவளை இருந்தது. இரண்டு பக்கமும் பிடி வைத்து, வாத்துப் படம் போட்டது. முதலாளியின் பேரன் வந்து விளையாடுவான் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன். இவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர்.

அக்டோபர் 19, வியாழன்

மாடி வீட்டு ஃப்ளோரா டீச்சரோடு இன்று சண்டை. விலங்கியல் டீச்சர், தனிக்கட்டை, என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடத் தொட்டிக்குக் கப்பி வாங்க இறங்கி வந்தவர் கூடத்தில் நீல விளக்கைப் பார்த்துவிட்டார்.

"அம்சா, இது என்ன? எரியற மீனா? இத வெச்சிருக்கக் கூடாது, தெரியுமா? அனுமதி இல்லாம வளக்கவும் கூடாது, விக்கவும் கூடாது."

"ஊர் ஒலகத்துல இல்லாததையா நான் வெச்சிருக்கேன்?"

"சட்டத்த விடு. கடல்ல பவளம் மாதிரி ஏதோ ஒரு உயிர், அதோட மரபணுவ எடுத்து இதோட முட்டையில ஏத்திருக்காங்க. மொதல்ல ஆராய்ச்சிக்குத்தான் பண்ணாங்க. அப்புறம் அழகா இருக்கேன்னு கடைக்கு வந்துடுச்சு. நாம பாத்து ரசிக்கறதுக்காக ஒரு உசுர மாத்தலாமா?"

"அதுக்கு வலிக்குதா டீச்சர்? ஊசி போட்டுச் சாயம் ஏத்தறாங்களே, அந்த மீனுக்குத்தான் வலி. இது பொறந்ததே இப்டி."

"பொறக்க வெச்சதே இப்டின்னு சொல்லு."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "கிளிமூக்கு மீனு ஒண்ணு விக்குதே, பாத்திருக்கீங்களா? வாயே மூடாது அதுக்கு. கண்ணுக்குக் கீழ பை தொங்கற தங்க மீனு, நேரா நீந்தக்கூடத் தெரியாது. அதையெல்லாம் ஆண்டவரா பண்ணாரு? ஜோடி சேத்து ஜோடி சேத்து மனுஷன்தான் பண்ணான். அதுக்கெல்லாம் யாரும் சட்டம் பேசறதில்ல."

டீச்சர் குனிந்து மீனை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "நீ கேக்கறது நியாயம்தான். ஆனா அது தப்புன்னா இது சரியாயிடுமா?" என்றார். "இன்னொண்ணு யோசி. இதோட சொந்தக்கார மீனு நம்ம நாட்டு ஓடையில இருக்கு. இது ஏரிக்குப் போயிக் கலந்துட்டா யாராலயும் பிரிச்சு எடுக்க முடியாது. கலக்காட்டி கொக்கு மொதல்ல இதத்தான் கொத்தும், பளிச்சுனு தெரியுதே. எப்டிப் பாத்தாலும் பாவம்."

கோபத்தில் வால் சின்னதாக இருந்த கப்பிகளாகப் பிடித்துக் கட்டினேன். டீச்சர் படியேறப் போகும்போது மனசு கேட்கவில்லை. கூப்பிட்டு, நல்ல வாலோடு இரண்டைப் பிடித்துச் சேர்த்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. காற்று மோட்டாருக்கும் நீல விளக்குக்கும் குங்குமம் வைத்தேன். மீன்வலைக்கும் வைத்தேன்.

நல்ல நாள் என்று இன்றே தடுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டேன். தொட்டிக்கு நடுவில் கண்ணாடியை இறக்கி, இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண் என்று பிரித்துவிட வேண்டும். ஒன்றையொன்று பார்க்கலாம், நெருங்க முடியாது. நல்ல புழுவாகப் போட்டுப் போட்டு வளர்த்து, ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் கண்ணாடியை எடுத்தால் விடியும்போது முட்டை நிச்சயம். அப்பா இதற்கு 'ஏங்க விடறது' என்பார். ஏங்காத மீன் முட்டை போடாது என்பது அவர் கட்சி.

என்னையும் இரண்டு வருடமாக ஏங்க விட்டிருக்கிறார்கள். புழு மட்டும் யாரும் போடவில்லை.

இதை அவர் படிப்பாரே. படிக்கட்டும்.

அக்டோபர் 26, வியாழன்

ஆண்கள் கண்ணாடியோரத்தை விட்டு நகருவதில்லை. மேலும் கீழும், மேலும் கீழும். பெண்கள் நாலு பேரும் அக்கறையில்லாத மாதிரி நடுவில் சுற்றிவிட்டு, நான் விளக்கை அணைக்கிற நேரத்தில் அதே ஓரத்துக்கு வந்து நிற்கிறார்கள். வெட்கங்கெட்டவர்கள் என்று திட்டினேன். பிறகு போனை எடுத்து, அவர் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று பார்த்துவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

முட்டை!

நேற்றுச் சாயங்காலம் தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பிவிட்டுக் கண்ணாடியை எடுத்தேன். இந்த ஜாதி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். கோலிக்குண்டு இருந்தால் முட்டை இடுக்கில் இறங்கித் தப்பித்துக்கொள்ளும். பொழுது விடிந்ததும் தண்ணீருக்குள் ஒரே கல்யாண வீட்டுக் களேபரம். நான் பல்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்து பார்த்தேன். ஏனோ அழுகை வந்தது. மீன் முட்டை போட்டதற்கு அழுத பெண்பிள்ளை கொளத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 2, வியாழன்

பொரிந்துவிட்டன. இமை முடி அளவுதான் இருக்கின்றன, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. நீல விளக்கைப் போட்டேன். அந்த முடியளவு உடம்புக்குள்ளும் சிவப்பு எரிகிறது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கண்ணே இன்னும் சரியாகத் திறக்கவில்லை, வாய்கூட வரவில்லை, அதற்குள் பார்க்கிறவர்களுக்காக விளக்கு ஏற்றிவைத்தாகிவிட்டது. பார்க்க வேண்டியவர் பார்க்காவிட்டால் அந்த விளக்குக்கு என்ன வேலை? எனக்கு அன்றைக்கு உடுத்திய அரக்குப் புடவை ஞாபகம் வந்தது.

அவரை நாலு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 3, வெள்ளி

பார்த்துவிட்டார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்று அனுப்பியிருக்கிறார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. டீச்சருக்கு அதிரசம் கொடுத்தேன். மூன்று நிமிடம் பேசினார். டீச்சர் அல்ல, அவர். குஞ்சுகள் எத்தனை தேறும் என்று கேட்டார். அறுபது குஞ்சாவது தேறும் என்றேன். சந்தோஷப்பட்டார். புதுத் துணி எடுத்தியா என்று கேட்பார் என எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பண்ணையில் வேலை அதிகமாம்.

நவம்பர் 18, சனி

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன்.

குஞ்சுத் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது டியூபின் வாயில் நைலான் காலுறை கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. டியூபில் தண்ணீர் நிரப்பித் தொட்டியோரம் வைத்துவிட்டுக் காலுறையைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. அவராக இருக்கும் என்று அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். புது ரீசார்ஜ் திட்டம் பற்றிச் சொல்ல ஒரு பெண்ணின் பதிவுசெய்த குரல்.

திரும்பி வந்தால் டியூப் தானாக இறங்கி, தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாக்கடை நேராக ரெட்டேரிக்குப் போகிறது.

நான் போட்ட சத்தத்தில் டீச்சர் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் சாக்கடையில் சாக்கை அடைத்து நீரை நிறுத்தினார். நான் நீல விளக்கை ஒயரோடு இழுத்துவந்து பிடித்தேன். இருட்டுகிற நேரம். கறுப்புத் தண்ணீரில் அங்கே ஒரு பொட்டு, இங்கே ஒரு பொட்டு, சிவப்பாக. டீ வடிகட்டியால் முட்டிபோட்டு ஒவ்வொன்றாக அள்ளினேன்.

சைக்கிளில் போன ஒருவர் நின்று, "இன்னாம்மா, தாலி கீலி விழுந்துடுச்சா?" என்றார்.

"ஆமாண்ணே."

"அய்யய்யோ. நல்லாத் தேடும்மா, கெடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொட்டு எதுவும் கண்ணில் படாத வரைக்கும் தேடினோம். எல்லாம் கிடைத்துவிட்டதா என்று டீச்சர் கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். தெரியாது என்பதுதான் உண்மை.

நவம்பர் 27, திங்கள்

பொங்கலுக்கு முடியாதாம். சித்திரையில் பார்க்கலாம் என்கிறார். பொறுப்பான வேலையில் இருப்பவர் நினைத்தபோது கிளம்ப முடியுமா? பண்ணை என்றால் சும்மாவா? எனக்குத் தெரியாதா.

டிசம்பர் 2, சனி

மழை. நிற்கவில்லை. புயல் என்கிறார்கள்.

டிசம்பர் 5, செவ்வாய்

மாடியில், டீச்சர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

நேற்றுக் காலை ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தது. முதலில் பின்பக்கம் ஓடினேன். சிமெண்ட் தொட்டிகளும் தெருவும் ஒரே மட்டமாகிவிட்டன. என் கண் முன்னாலேயே கப்பிகள் வெளியே நீந்திப் போயின. அப்பா காலத்து வம்சம். டீச்சர் பயந்த கெடுதலில் பாதி, கப்பி ரூபத்தில் நடந்து முடிந்துவிட்டது.

கூடத்துத் தொட்டிக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. வாளியில் எடுத்துக் கை நழுவினால் போச்சு. அடுப்படிக்கு ஓடி இரண்டு குக்கரையும் எடுத்தேன். பெரிய குக்கரில் பதினோரு பெரிய மீன், சின்னதில் குஞ்சுகள். மூடியைப் போட்டுத் திருகினேன். மூடி போட்ட குக்கர் கவிழ்ந்தாலும் மீன் வெளியே போகாது. வெயிட் மட்டும் போடவில்லை, மூச்சு விட வேண்டாமா.

பெரியதைத் தலையில் வைத்து, சின்னதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். இழுவை பலமாக இருந்தது. ஒரு படி சறுக்கி மார்பு வரை மூழ்கினேன். அப்போது என் மனதில் ஓடியது ஒன்றுதான்: இது கை தவறினால் அவர் வரமாட்டார். அடுத்த நொடி இன்னொன்று ஓடியது: இது கை தவறினால் ஏரி முழுக்க இதுதான். எது என்னைக் கெட்டியாகப் பிடிக்க வைத்தது என்று எனக்கே தெரியவில்லை. டீச்சர் மேலிருந்து முடியைப் பிடித்து இழுத்தார், நிஜமாகவே தலைமுடியை.

"ஒரு ஆள் எடுத்துட்டு வர சாமானா இது? பாஸ்புக்கு, துணிமணி ஒண்ணும் எடுக்கலையா?"

கல்யாண ஆல்பம் கட்டிலுக்கடியில் இருந்தது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

டிசம்பர் 6, புதன்

மின்சாரம் இல்லை. காற்று மோட்டார் ஓடாததால் டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறோம். டீச்சரும் ஊற்றுகிறார். "உன்னால நானும் சட்டவிரோதம்" என்கிறார்.

மத்தியானம் டீச்சரின் பவர் பேங்கில் போன் உயிர் பெற்றது. உடனே அவர் அழைப்பு. நியூஸில் பார்த்தாராம்.

"அம்சா! மீனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. எல்லாம் பத்திரமா இருக்கு."

"அப்பாடா." பெருமூச்சு இங்கே கேட்டது. "குஞ்சு?"

"குஞ்சும்தான்."

அப்போது அவர் பக்கத்தில் ஒரு குழந்தை, அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, 'பப்பா, பப்பா' என்று கூப்பிட்டது. முதலாளியின் பேரன் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவான் போலிருக்கிறது. அவர் ஏதோ அவசரமாகச் சொல்ல வந்தார், போன் கட்டாகிவிட்டது.

"டவர் இல்ல டீச்சர்" என்றேன்.

டீச்சர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா, மழையில டவர் போயிடும்" என்றார். சிக்னல் நாலு கோடும் முழுசாக இருந்தது. எனக்கும் தெரிந்தது.

டிசம்பர் 10, ஞாயிறு

தண்ணீர் வடிந்தது. சேறு வாரினேன். ஆல்பம் ஊதிப்போய் ஒரே கட்டியாகிவிட்டது. பிரித்தால் அவர் முகம் என் பக்கத்துக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

டிசம்பர் 13, புதன்

போன் செய்தார். நல்லபடியாகத்தான் பேசினார். முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார்.

"செங்குன்றத்துலேர்ந்து நாளைக்கு ஒருத்தர் வருவாரு. பேசி முடிச்சிட்டேன். பெருசு, குஞ்சு எல்லாத்தையும் குடுத்துடு."

"எல்லாத்தையும் குடுத்துட்டா? நாம பண்ணைக்கு இன்னா பண்றது?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"எப்போ?"

"பாத்துக்கலாம் அம்சா."

அந்த மீன் இருக்கிறவரைக்கும்தான் நம் பண்ணை என்று சொன்னவர் அவர்தான். அதையே விலை பேசியிருக்கிறார். சாதம் போட்டு உட்கார்ந்தேன், இறங்கவில்லை. எவ்வளவுதான் நானே புரிந்துகொள்வது?

மாலையில் டீச்சரிடம் சொன்னேன். அவர் யோசித்து, "குடுக்காதே. அவங்க கைக்குப் போனா வருஷத்துல ஊரெல்லாம் ஆயிடும். கிராம்பு எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டா வலியில்லாமத் தூங்கிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பொறக்க வெச்சதே இப்டின்னு? அது கேட்டா பொறந்துச்சு? இப்ப அது பொறந்ததுக்கு அதையே சாகடிக்கணுமா?"

டீச்சர் என் தட்டை எடுத்து, ஆறிய சாதத்தில் ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தார். அதைச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 14, வியாழன்

ஆள் வந்தார். மீனெல்லாம் மாடியில் டீச்சர் வீட்டில். கீழே சேற்றுக் கறையோடு காலித் தொட்டி.

"வெள்ளத்துல எல்லாம் செத்துப்போச்சுங்க" என்றேன். சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் பார்த்துவிட்டு நம்பிவிட்டார். அந்த ஆள் தெருமுனைக்குப் போயிருக்க மாட்டார், அதற்குள் இவர் போனில் கூப்பிட்டார்.

"பத்திரமா இருக்குன்னு சொன்னியே?"

"நீங்க பயப்படக் கூடாதுன்னு சொன்னேன்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"நான் மட்டும்தான் மிச்சம்."

"சரி. உடம்பப் பாத்துக்க" என்றார். வைத்துவிட்டார்.

பொய் சொல்லிவிட்டேன். மீனைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ஆனால் அது மட்டும் இல்லை. மீன் இல்லாவிட்டாலும் கூப்பிடுகிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

டிசம்பர் 15, வெள்ளி

போன் பக்கத்திலேயே இருந்தது.

டிசம்பர் 20, புதன்

இல்லை.

டிசம்பர் 25, திங்கள்

டீச்சர் பிளம் கேக் கொடுத்தார். பண்டிகை நாள் ஆயிற்றே, அங்கே லீவாகத்தான் இருக்கும், கூப்பிடுவார் என்று நினைத்தேன். எதையெல்லாம் நினைக்கிறேன் பாருங்கள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் வழக்கம்போல் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். மிச்சத்தை டீச்சர் சாப்பிட்டார்.

அழைப்பு வரவில்லை. இனிமேல் வராது. அவருக்கு அங்கே குடும்பம் இருக்கிறது. குழந்தை இருக்கிறது, அது வாத்துப் படம் போட்ட குவளையில் பால் குடிக்கிறது. ஜமீல் பாய் அன்று காபி குடிக்காமல் போனது பஸ்ஸுக்காக அல்ல. இதை எழுதிவிட்டேன். இனி இதைப் படிக்க யாரும் வரப்போவதில்லை என்பதால் எழுத முடிகிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. இப்போது வயிற்றைப் பார்த்தால் ஆண் பெண் தெரிகிறது. காலையிலிருந்து நானும் டீச்சரும் ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துப் பிரித்தோம். உருண்டை வயிறு அந்தப் பக்கம், ஒல்லி இந்தப் பக்கம். ஒரு ஒல்லி விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம். சந்தேகம் இருந்தால் தனியாக வைப்போம் என்று ஊறுகாய் ஜாடியில் விட்டோம். பெரியவற்றையும் பிரித்தாயிற்று.

நடுவில் தடுப்புக் கண்ணாடி. இந்த முறை எடுப்பதற்காகப் போடவில்லை.

"எத்தன வருஷம் இருக்கும் இது?" என்று டீச்சர் கேட்டார்.

"மூணு, நாலு இருக்கும். நல்லாப் பாத்துக்கிட்டா."

"நல்லாத்தான் பாத்துக்குவே நீ" என்றார். டியூப் வாயில் காலுறை கட்டியிருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

இவற்றை யாருக்கும் கொடுக்க மாட்டேன், கொல்லவும் மாட்டேன். பெருக விட மாட்டேன். இவற்றோடு இந்த வெளிச்சம் முடிந்துவிடட்டும். இது சரியா என்று எனக்கு முழுசாகத் தெரியவில்லை. கண் முன்னால் துணையை வைத்துச் சேரவிடாமல் காலம் முழுக்க வளர்ப்பதும் ஒரு கொடுமைதான். அது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய துணி ஒன்றை நடுவில் தொங்கவிட்டுப் பார்த்தேன். துணிக்கு முன்னால் வந்து நின்றன. எடுத்துவிட்டேன்.

அவர் மேல் ஆசை போகவில்லை. போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அது இருக்கட்டும், அதற்கும் தீனி போட்டுக்கொண்டுதான் இருப்பேன். அரக்குப் புடவையைத் துவைத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். நீல விளக்கைக் கழற்றிப் பரணில் போட்டேன். சாதாரண டியூப்லைட் வெளிச்சத்தில் அவை சின்னச் சிவப்பு மீன்கள், அவ்வளவுதான்.

பிறகு தடுப்புக் கண்ணாடியைத் துடைக்க உட்கார்ந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு பாசி சீக்கிரம் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் அவை வந்து உரசுகிற இடத்தில் மட்டும் பாசி இல்லை. மற்ற இடத்தைத் துடைத்தேன்.